தானாகப் போன மூச்சுப் பாடம்

நீங்கள் அனுப்புகிற கேள்விகளில் ஊர் மாறும், ஆள் மாறும், கேள்வி மட்டும் மாறாது. யோகா சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண்ணுக்காக எழுதுகிறேன் என்பீர்கள். பிள்ளை பெற்றவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் ஓர் அக்காவுக்காக வீடியோ எடுக்கிறேன் என்பீர்கள். கடையும் அவரே, கல்லாவும் அவரே, பாய் உதறிப்போடுகிறவரும் அவரே. இதற்கு நடுவில் தினம் ஒரு பதிவு போடச் சொன்னால் எங்கே போவார்? அவரும் ஓய்ந்துபோகிறார், நானும் ஓய்ந்துபோகிறேன், ஓயாமல் இதை எப்படி வருஷக்கணக்கில் ஓட்டுவது, சொல்லுங்கள் என்பீர்கள்.

பிறர் தொழிலுக்குப் பதிவு எழுதித் தருகிற இந்த வேலையை விட்டு நான் ஒதுங்கியவன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, மைக்கையும் விளக்கையும் வேறு கைகளில் கொடுத்தாயிற்று. ஆனாலும் உங்கள் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு விடியற்காலை எழுந்து நிற்கிறது. பதில் அதற்குள்தான் இருக்கிறது. நுட்பமெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். அந்தக் காலையை மட்டும் சொல்கிறேன்.

வடசென்னை ராயபுரத்தில் ஜெசிந்தா என்று ஒருத்தி. நெஞ்சு நோய் வார்டில் நர்ஸாக இருந்தவள், அதை விட்டுவிட்டுத் தனியாக மூச்சுப் பயிற்சி வகுப்பு ஆரம்பித்தாள். இங்கே அதற்கு ஆளுக்கா பஞ்சம்? ஒரு பக்கம் நிலக்கரி, ஒரு பக்கம் டிரெய்லர் லாரிப் புகை, ஒரு பக்கம் இன்னதென்று பெயர் சொல்ல முடியாத கம்பெனி வாடைகள். எண்ணூரிலிருந்து, திருவொற்றியூரிலிருந்து, அத்திப்பட்டிலிருந்தெல்லாம் பெண்கள் வந்தார்கள். வர முடியாதவர்களுக்குத் தினமும் விடிகாலையில் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பாடம் அனுப்பினாள். அதற்கு வாசகம் எழுத என்னைக் கூப்பிட்டாள். கல்யாணப் பத்திரிகைகளுக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்தவன் நான். மூச்சுக்கும் எழுதலாமே என்று போனேன்.

தினம் எழுந்து, தினம் பேசி, தினம் அனுப்பி, ஒரு வருஷத்தில் அவளுக்குக் குரல் கம்மிப்போனது. "அண்ணே, மூச்சு சொல்லித் தர்ற எனக்கே மூச்சு வாங்குது" என்றாள். அப்போது நாங்கள் கண்டுபிடித்த வழிதான் நீங்கள் எல்லாரும் இன்று செய்வது. மாதத்தில் ஒரு நாள் உட்கார்ந்து அத்தனை பாடங்களையும் பேசிப் பதிந்துவிடுவது. தேதியும் நேரமும் குறித்து ஒரு செயலியில் போட்டுவைப்பது. அது தன் பாட்டுக்குக் காலையில் எழுந்து, தன் பாட்டுக்கு அனுப்பிவிடும். ஜெசிந்தா தூங்கலாம். முதல் வாரம் அவள் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது: "எனக்குப் பதிலா இன்னொரு ஜெசிந்தா வேலைக்குப் போறா, நான் காபி குடிச்சுகினு அவ பேசறத கேக்கறேன்."

அந்த வழியில் குற்றம் இல்லை. இன்றும் அதைத்தான் செய்யச் சொல்வேன். மேலே கேளுங்கள்.

இப்போது திருவொற்றியூருக்கு வாருங்கள். கடலோரமாக ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்பு, மூன்று மாடி. அங்கே பவானி இருந்தாள். ஏற்றுமதித் துணி கம்பெனியில் பேக்கிங் வேலை, நெஞ்சில் வீசிங், நாக்கில் கத்தி. ஜெசிந்தாவிடம் வந்து ஆறே மாதத்தில் இரைப்பு கொஞ்சம் தணிந்ததும், இதை நான் மட்டும் செய்தால் எப்படி என்று மொத்தப் பிளாக்கையும் மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டாள். வார் வைத்துத் தோளில் மாட்டுகிற புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றைப் பர்மா பஜாரில் வாங்கினாள். காலையில் பாடம் வந்ததும் போனில் இறக்கிக்கொண்டு, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கைப்பிடிச் சுவர்மேல் வைப்பாள். நைட்டிமேல் துண்டு போட்ட முப்பது பெண்களாவது அங்கே கடலைப் பார்த்து நிற்பார்கள். ஜெசிந்தாவின் குரல் முகம் தெரியாத அம்மன்போல அந்த மாடிமேல் பேசும். நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். எழுதியவன் நான்தான் என்பது எனக்கே மறந்துபோனது.

அங்கே ஒரு சட்டமும் இருந்தது. ஜெசிந்தா போட்ட சட்டம்: பாடம் ஓடும்போது யார் போனும் எடுக்கக் கூடாது, எமனே கூப்பிட்டாலும் கட் பண்ணு.

நான் சொல்லவந்த காலை ஒரு ஒலிப்பதிவு நாளின் காலை. அடுத்த மாதப் பாடங்களைப் பேசி வைக்க, லாரி ஹாரன் தொடங்குவதற்கு முன்பே நான் ஜெசிந்தா வீட்டுக்குப் போயிருந்தேன். சன்னல்களை அடைத்து, மைக்குக்குப் பின்னால் கம்பளி தொங்கவிட்டு, அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மேசைமேல் இருந்த அவள் போன் ஒருமுறை அதிர்ந்தது. அன்றைய பாடம் தானாகப் போய்விட்டது என்பதற்கான அதிர்வு. நாங்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு அதிர்வு. அதன்பின் வரிசையாக. எடுத்துப் பார்த்தாள். எர்ணாவூரிலிருந்து ஒருத்தி எழுதியிருந்தாள்: "அக்கா இன்னா நாத்தம் இது, கண்ணு எரியுது." இன்னொருத்தி: "எதோ கம்பெனில கேஸ் பைப்பு வுட்டுச்சாம்." மூன்றாவது வெறும் இருமல், குரல் செய்தியாக.

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். "அண்ணே, இன்னிக்கி என்னா பாடம் போச்சு?"

எனக்கு வரி வரியாகத் தெரியும். முதலில் கழுத்தைச் சுற்றுவது, அப்புறம் தோள். அதன்பிறகு நீண்ட மூச்சு. நான் எழுதியது இது: கடலைப் பார்த்து நில்லுங்கள். நெஞ்சு நிறைய இழுங்கள். உள்ளேயே வைத்திருங்கள். இந்தக் காற்று உங்களைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

அதைச் சொன்னேன். சொல்லும்போதே புரிந்தது: பவானியின் மாடியில் இப்போது அந்தப் பாடம்தான் ஓடுகிறது.

இங்கே நீங்கள் கேட்பீர்கள், நாற்றம் அடித்தால் அவர்களுக்கே தெரியாதா என்று. இந்தப் பக்கம் வளராதவர்கள் கேட்கிற கேள்வி அது. எங்கள் மூக்கு அன்றாடம் ஏதாவது ஒன்றை மன்னித்துக்கொண்டே இருக்கிற மூக்கு. திங்கட்கிழமை ஒரு வாடை, செவ்வாய்க்கிழமை ஒரு வாடை. கண் எரிந்தால் துடைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கலீஜ் நாற்றத்துக்கும் மாடியிலிருந்து இறங்கினால் இங்கே யாரும் மாடி ஏறவே முடியாது. அதனால் அந்தப் பெண்கள் நிற்பார்கள். நாற்றத்தோடு நின்று, கழுத்தைச் சுற்றி, தோளைச் சுற்றி, அப்புறம் ஜெசிந்தா சொன்னபடி நெஞ்சு நிறைய இழுப்பார்கள். அவள் சொன்னால் கேட்பார்கள். அதற்குத்தானே இத்தனை நாள் உழைத்தோம்.

ஜெசிந்தா முதலில் பாடத்தை எல்லாருடைய போனிலிருந்தும் அழித்தாள். அழிந்தது. ஆனால் பவானி இறக்கி வைத்துக்கொள்கிறவள், அங்கே ஓடிக்கொண்டுதான் இருக்கும். பவானிக்குப் போன் போட்டாள். இரண்டு முறை மணி அடித்தது, கட் ஆனது. மறுபடி போட்டாள். கட். என் போனிலிருந்து போட்டேன். அதுவும் கட்.

"சட்டம்" என்றாள் ஜெசிந்தா. அந்த ஒரு வார்த்தைதான்.

பின்னால் பவானி சொன்னாள், அங்கே என்ன நடந்தது என்று. அவள் ரிங்டோன் ஒரு குழந்தை சிரிப்பது. போன் வரும்போது பாடம் நின்று, ஸ்பீக்கரில் அந்தக் குழந்தை மாடி முழுக்கச் சிரித்திருக்கிறது. திரையில் ஜெசிந்தா அக்கா என்று பேர். "நீ பாடத்துல பேசிகினே கீற, போன்லயும் கூப்புடற. சரி, நம்மள டெஸ்ட் வக்கிது அக்கான்னு நெனச்சேன். எடுத்தா பெயிலு. அதான் கட் பண்ணிகினே இருந்தேன்."

கட் பண்ணக் கட் பண்ணப் பாடம் விட்ட இடத்திலிருந்து ஓடியது. கழுத்து முடிந்தது. தோள் முடிகிற நேரம். பக்கத்தில் நின்ற தனம், மீன் விற்கிறவள், பொறுமை இல்லாதவள், கையை நீட்டிப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். "ஏ, யாரோ உட்டு உட்டு கூப்புடுது, சாவு சேதியா கீதோ என்னமோ. இன்னாம்மா யாரு?"

அவ்வளவுதான். ஜெசிந்தாவின் குரல் இப்போது உயிரோடு அந்த மாடியில் இருந்தது.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் ஜெசிந்தாவுக்கு எதிரில் உட்கார்ந்து வாயசைத்தேன்: கேஸ், கேஸ், ஓடச் சொல். என் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவள் உள்ளங்கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். ஒரு மூச்சு யோசித்தாள். அவள் அந்த மாடிக்குப் போனவள். அந்தப் படிக்கட்டு அவள் கண்ணில் இருந்தது: ஓராள் அகலம், திரும்புகிற இடத்தில் இருட்டு, கைப்பிடி பெயர்ந்து தொங்கும். முப்பது பெண்கள் ஒரே நேரத்தில் அதில் ஓடினால் வாயு தொடுவதற்கு முன்பு படி கொன்றுவிடும்.

அதனால் அவள் பாடக் குரலில் பேசினாள். தினமும் பேசுகிற அதே குரல், அதே இடைவெளி, ஒரு நூல்கூடத் தூக்கவில்லை.

"எல்லாருக்கும் காலை வணக்கம். இன்னிக்கிப் பாடத்த மாத்தறேன். வாய மூடிக்கோங்க. இன்னிக்கி பெரிய மூச்சு கெடையாது. பூனை பாலு நக்கற மாதிரி, மூக்கால சின்னதா, சின்னதா. அவ்ளோதான். பேச்சு கூடாது."

பேச்சு நின்றது எங்களுக்குக் கேட்டது. அத்தனை பேர் சேர்ந்து சும்மா இருப்பது போனில் கேட்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

"டேங்க் கொழாய தொறங்க. துண்ட நனைச்சு மூக்கு மேல புடிங்க. பவானி, கொடில காயற துணி எந்தப் பக்கம் அடிக்குது?"

"தெக்கால பறக்குதுக்கா."

"அப்ப காத்து வடக்கேர்ந்து வருது. அதுக்கு எதுரயும் போவ வேணாம், அது கூடயும் போவ வேணாம். கெழக்கால கடலு. நம்ம மேக்கால ரோட்டப் பாக்க போறோம். இது நடக்கற பாடம். படியில ஒருத்தர் பின்னால ஒருத்தர், முன்னாடி இருக்கறவங்க தோள்ல ஒரு கை. கடைசியில பவானி. ஸ்பீக்கர எடுத்துகினு வா, என் கொரலு கேக்கணும்."

வரிசை நகர்ந்தது. செருப்புச் சத்தம் ஒரு தாளத்தில் விழுந்தது. அப்போது நடுவில் ஒருத்தி உடைந்தாள். "எம் புள்ள வூட்ல தூங்குதுக்கா" என்றாள். அந்த ஒரு குரலில் வரிசை முழுக்கக் கலைகிற அபாயம் இருந்தது. ஒவ்வொருத்தி வீட்டிலும் ஒரு பிள்ளை தூங்குகிறது.

ஜெசிந்தா வேகம் மாற்றாமல் சொன்னாள்: "எல்லாப் புள்ளையும் வரும். அவங்கவங்க தளம் வந்ததும் வரிசைய உட்டு வெளிய வாங்க. உங்க தளத்துல எல்லாக் கதவயும் தட்டுங்க. கத்தாதீங்க, கத்துனா பெரிய மூச்சு உள்ள போவும். கையால தட்டுங்க. புள்ளைங்கள இட்டுனு, ஈரத் துணி போத்தி, மறுபடி வரிசையில சேருங்க."

அப்புறம் நாங்கள் கேட்டது கதவுகள். கத்தல் இல்லை, அழுகை இல்லை, கதவுகள் மட்டும். மூன்றாம் தளத்தில் தகரக் கதவு, இரண்டாம் தளத்தில் மரக் கதவு, கீழே வர வர இன்னும் இன்னும். ஒரு கட்டடம் முழுக்க உள்ளங்கைகளால் எழுப்பப்படுகிற ஓசை. வாழ்க்கையில் எவ்வளவோ மேளம் கேட்டிருக்கிறேன். அன்று என் கை மயிர் நின்றதுபோல எதற்கும் நின்றதில்லை.

தெருவுக்கு வந்தார்கள். மேற்கே நடந்தார்கள். மற்ற பிளாக்குகளிலிருந்து பார்த்தவர்கள், இவ்வளவு பேர் வாயை மூடிக்கொண்டு மூக்கில் துணியோடு நடப்பதைப் பார்த்தே, ஒன்றும் கேட்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் சேர்ந்தார்கள் என்று தனம் பிற்பாடு சொன்னாள். "ஊர்வலம் மாதிரி போனோம், மேளந்தான் இல்ல."

எங்களுக்குக் கேட்டதோ பவானியின் நெஞ்சு. ஸ்பீக்கரைக் குடம்போல இடுப்பில் வைத்திருந்தாள். அவளுடைய வீசிங் அந்த மைக்கில் விசில் மாதிரி ஏறிக்கொண்டே வந்தது. எல்லாரையும் முன்னால் விட்டுக் கடைசியில் இறங்கியவள் அவள், அதிகம் இழுத்ததும் அவள்தான். ஜெசிந்தாவின் முகம் அப்போதுதான் மாறியது. குரல் மாறவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். இனி நடப்பதைத் தவிர வேறு பாடம் இல்லை.

"அக்கா." பவானி ஒவ்வொரு எழுத்துக்கும் நின்றாள். "லைன்ல கீறியா?"

"கீறேன். பேசாத."

"இன்னாவது சொல்லிகினே வா."

"இன்னா சொல்றது பவானி?"

"ஒண்ணியும் வேணா. நீ மூச்சு வுடு. நா அத்தப் புடிச்சிகினு வரேன்."

ஜெசிந்தா போனை உதட்டருகே கொண்டுபோய் மூச்சு விட்டாள். சின்னதாக, சின்னதாக. எங்கோ ஒரு சாலையில், ஒருத்தியின் இடுப்பிலிருந்த பெட்டிக்குள்ளிருந்து இன்னொருத்தியின் மூச்சு வந்துகொண்டிருந்தது. அந்த விசில் அதனோடு ஒட்டி நடந்தது. தப்பியது, மறுபடி ஒட்டியது. நான் மைக்குக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன், எழுதிவைத்த அடுத்த மாதம் முழுக்க மடியில். ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை. பெரிய சாலையின் ஹாரன்கள் கேட்கிறவரை அப்படியே போனது.

யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. கண் எரிச்சல், வாந்தி, சிலருக்கு இருமல் வாரக்கணக்கில். பவானியை மட்டும் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். வீடு திரும்பிய பிறகு நாங்கள் பார்க்கப் போனோம். பாயில் சாய்ந்திருந்தாள், பக்கத்தில் தனம் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

ஜெசிந்தா ஒரு முடிவோடு வந்திருந்தாள். பாடம் அனுப்புவதை நிறுத்திவிடுவது. "என் கொரல கேட்டா இனிமே அந்த நாத்தம்தான் ஞாபகம் வரும் உங்களுக்கு. வேணாம் பவானி."

"அப்ப நாங்க இன்னா, மூச்ச நிறுத்தி வச்சிக்கினு உக்காரணுமா?" என்றாள் பவானி. குரல் சருகாக இருந்தாலும் கத்தி அதிலேயே இருந்தது.

"தெனம் எழுந்து பேச என்னால முடியாது. பேசி வச்சு அனுப்புனா இப்படி ஆவுது."

"பேசி வையி. யாரு வேணான்னது? அனுப்பறது மட்டும் நீ அனுப்பு. அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போனு போடு. நா மாடிக்கிப் போயி காத்து எப்பிடி கீதுன்னு பாத்து சொல்றேன்."

"உனக்குத்தான் நெஞ்சு சரியில்ல. வேற யாராவது பாக்கட்டும். தனம் பாக்கட்டும்."

"இவளா?" பவானி தனத்தைக் காட்டினாள். "இது காலம்பூரா மீன் கூடையில மூஞ்ச வச்சிகினு கீது. இதுக்கு கேசு வந்தாலும் தெரியாது, சென்ட்டு வந்தாலும் தெரியாது."

"ஆமா, நீதான் பெரிய மூக்கு" என்றாள் தனம், கஞ்சியை ஊதிக்கொண்டே. "நா பச்ச பட்டன அமுக்கலைன்னா உன் மூக்குல பஞ்சு வச்சிருப்பாங்க."

பவானி சிரித்தாள், சிரிப்பு இருமலாகி அடங்கியது. பிறகு ஜெசிந்தாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "மத்தவங்களுக்கு மூக்குல ஏறி, கண்ணுல ஏறி, அப்பறந்தான் தெரியும். எனக்கு ஒரு துளி வந்தாலே நெஞ்சு புடிக்கும். மொதல்ல எனக்குத்தாங்கா தெரியும். அதான் நா."

ஜெசிந்தா தனத்திடமிருந்து கஞ்சியை வாங்கிப் பவானியிடம் நீட்டினாள்.

இதுதான் நீங்கள் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில். பேசி வையுங்கள், பதிந்து வையுங்கள், மாதத்துக்கு ஒரு நாள் வேலை செய்து மற்ற நாள் உங்கள் ஆளைத் தூங்க விடுங்கள். கதை சொல்கிற பதிவு, வாழ்த்துச் சொல்கிற பதிவு, நேரம் கடந்தாலும் கெடாத எதுவும் தானாகப் போகட்டும். ஆனால் ஒரு மனிதரின் உடம்பைப் பார்த்து 'இதைச் செய்' என்று சொல்கிற எதுவும் தானாகப் போகக் கூடாது. அதை அனுப்பும் விரல் அன்றைய காலையில் விழித்திருக்க வேண்டும், அந்தப் பக்கம் என்ன காற்று அடிக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்கு அங்கே உங்களுக்கு ஓர் ஆள் வேண்டும். நூறு பேர் பார்த்தார்களா, ஆயிரம் பேர் பார்த்தார்களா என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பவானி எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு முதல் பாடம் அனுப்பிய அன்று நானும் ஜெசிந்தா வீட்டில் இருந்தேன். அவள் போன் போட்டாள், ஒலிபெருக்கியில் வைத்தாள். பவானி உடனே எடுத்தாள்.

"இரு" என்றாள்.

படி ஏறுகிற சத்தம். நடுவில் ஒருமுறை நின்று இளைப்பாறுகிற சத்தம். அப்புறம் மாடிக் கதவின் தாழ்ப்பாள். பின்னால் பெண்களின் பேச்சு, யாரோ யாரையோ தள்ளி நிற்கச் சொல்வது, தனத்தின் அதட்டல். பிறகு எல்லாம் அடங்கியது.

அந்த அமைதியில் பவானி மூச்சை இழுத்தாள். பயிற்சி மூச்சு இல்லை அது. நாக்கு நுனியில் குழம்பை ருசி பார்ப்பதுபோல ஒரு மூச்சு. மாடியில் நிற்கிற அத்தனை பேருக்கும் முன்னால், எல்லாரிலும் நைந்த ஒரு நெஞ்சு, முதலில் அந்தக் காற்றை வாங்கிப் பார்த்தது. வாங்கி, வைத்திருந்து, விட்டது. மறுபடியும் ஒருமுறை.

ஜெசிந்தாவின் விரல் பொத்தானுக்குமேல் நின்றுகொண்டிருந்தது.

"அனுப்புக்கா" என்றாள் பவானி.